ரத்தம் கொடுக்கப் போனால் ஏன் இத்தனை கேள்விகள்? அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள்

ரத்ததான முகாம்களில் பதிவு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களிடம் வரும் சந்தேகங்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. படிவத்தைப் பார்த்ததும் சிலருக்குக் கோபம் வருகிறது, சிலருக்குக் கூச்சம். திருப்பி அனுப்பப்பட்டவர்கள் முகம் வாடிப் போகிறார்கள். அவர்கள் கேட்டதையெல்லாம், கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். இதில் சொல்லும் விதிகள் இந்தியாவுக்கானவை. 2020 மார்ச்சில் திருத்தப்பட்ட மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளும், தேசிய ரத்த மாற்றுக் குழுமம் 2017இல் கொடுத்த வழிகாட்டுதலும்தான் இவற்றுக்கு அடிப்படை. உங்கள் விஷயத்தில் கடைசி முடிவு எடுப்பவர் அன்றைக்கு அங்கே இருக்கும் மருத்துவர்.

1. நான் காசு வாங்காம சும்மா தர்றேன். என்னைப் போய் குற்றவாளி மாதிரி இத்தனை கேள்வி கேட்டா எப்படி?

கேள்விகள் இரண்டு பேரைக் காப்பாற்றுவதற்காக. முதல் ஆள் நீங்கள். 350 மில்லி ரத்தம் வெளியே போனால் உங்கள் உடம்பு தாங்குமா என்று பார்க்க வேண்டும். இன்னொருவர் அந்த ரத்தத்தை ஏற்றிக்கொள்ளப் போகிறவர். பிரசவத்தில் ரத்தம் போனவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர், மாதம் தவறாமல் ரத்தம் ஏற்றியாக வேண்டிய தலசீமியா குழந்தை என்று அது யாராகவும் இருக்கலாம். ஏற்கெனவே நலிந்த உடம்பு அவர்களுடையது. உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போகும் கிருமி அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. மாவட்ட ஆட்சியர் வந்து படுத்தாலும் அதே படிவம்தான்.

2. வயசு, எடை கணக்கெல்லாம் என்ன?

வயது 18 முதல் 65 வரை. முதன்முதலாகக் கொடுப்பவர் என்றால் 60ஐத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 மில்லி வரை எடுக்கலாம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, சீராக. ரத்த அழுத்தத்தில் மேல் அளவு 100 முதல் 140க்குள், கீழ் அளவு 60 முதல் 90க்குள்.

ஒருமுறை கொடுத்த பிறகு ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விட வேண்டும். "போன மாசம்தான் கொடுத்தேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று வருபவர்களைப் பார்க்கிறோம். நன்றாக இருப்பதாகத் தோன்றும். உடம்பில் இரும்புச்சத்து பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும்.

3. விரல்ல குத்தி ஒரு சொட்டை நீலத் தண்ணியில விடுறாங்களே, அதுல என்ன தெரியும்?

அது மயில்துத்தக் கரைசல். அடர்த்தி 1.053 இருக்கும்படி கலந்து வைத்திருப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் ரத்தத் துளி 15 நொடிக்குள் கீழே இறங்கிவிடும். குறைவாக இருந்தால் மிதக்கும், அல்லது கொஞ்சம் இறங்கி மேலே வரும். இப்போது பல இடங்களில் கையடக்கக் கருவியில் எண்ணாகவே பார்த்துவிடுகிறார்கள்.

12.5 என்பது ஆண், பெண் இருவருக்கும் ஒரே அளவு. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதால் இந்த இடத்தில் திரும்பிப் போகிறவர்களில் பெண்களே அதிகம். திருப்பி அனுப்பினால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கே ரத்தம் குறைவு என்று செலவில்லாமல் தெரிந்திருக்கிறது. அதை வைத்து ஒரு மருத்துவரைப் பாருங்கள். கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் மட்டும் எல்லோருக்கும் சரியாகிவிடாது; குடற்புழு, அதிக மாதவிடாய், மூலம் என்று காரணம் வேறாக இருக்கலாம்.

4. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன், விரதத்துல கொடுக்கலாமா? டெஸ்டுன்னு காலைல சாப்பிடாமலே வந்துட்டேன், அது சரிதானே?

வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. இது சர்க்கரைப் பரிசோதனை இல்லை. இட்லியோ தோசையோ சாப்பிட்டு, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மாலை போட்டிருப்பது தடையே இல்லை. அன்றைக்கு உண்ணாவிரதம் என்றால்தான் வேறு நாளில் வரச் சொல்வார்கள். நோன்பு இருப்பவர்களுக்கும் இதுதான் பதில். இரவு வேலை முடித்துத் தூங்காமல் நேராக வந்தவர்களும் தூங்கி எழுந்து வருவது நல்லது. நெடுந்தூர வண்டி ஓட்டுபவர்கள், கொடுத்த பிறகு ஒரு நாளாவது வண்டியில் ஏறாமல் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. எடுத்த ரத்தத்துல என்னென்ன டெஸ்ட் பண்றாங்க?

ஐந்து தொற்றுகளுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஹெச்.ஐ.வி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ் என்கிற மேகநோய், மலேரியா. கூடவே ரத்த வகையும், பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லும் ஆர்ஹெச்சும். நீங்கள் "ஓ பாசிட்டிவ்" என்று அடித்துச் சொன்னாலும், பத்தாவது முறையாக வந்திருந்தாலும், ஒவ்வொரு பைக்கும் முதலிலிருந்து எல்லாம் பார்க்கப்படும். ஊசி குத்தியதும் வரும் முதல் சில மில்லியைத் தனியாக ஒரு சின்னப் பைக்கு விடும் பைகளும் உண்டு. தோலில் இருக்கும் பாக்டீரியா பெரிய பைக்குள் போகாமல் அது தடுக்கும், பரிசோதனை மாதிரியையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பட்டியல் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் ஹெச்.ஐ.வி இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். ரத்தப் பைகளுக்கு ஹெச்.ஐ.வி பரிசோதனை கட்டாயமானது 1989இல். அதன் பிறகும் காசுக்கு ரத்தம் விற்பது நடந்துகொண்டுதான் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பால், 1998 ஜனவரி 1 முதல் அது தடை செய்யப்பட்டது.

6. அதான் எல்லாத்தையும் மெஷின் பார்த்துடுதே. அப்புறம் எதுக்கு அந்தரங்கக் கேள்வி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். கிருமி உடம்புக்குள் நுழைந்த அன்றே பரிசோதனையில் தெரியாது. வழக்கமான எலைசா பரிசோதனைகள், உடம்பு அந்தக் கிருமிக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையோ கிருமியின் புரதத்தையோ தேடுகின்றன. அது அளக்கும் அளவுக்கு வளர நாளாகும். ஹெச்.ஐ.விக்குச் சுமார் மூன்று வாரம். ஹெபடைடிஸ் பிக்கு ஒரு மாதத்துக்கும் மேல். ஹெபடைடிஸ் சிக்கு எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடினால் இரண்டு மாதத்துக்கும் மேல் ஆகலாம். இந்த இடைவெளியில் கொடுப்பவர் ஆரோக்கியமாக இருப்பார், பரிசோதனை "இல்லை" என்று காட்டும், ஆனால் பைக்குள் கிருமி இருக்கும்.

அந்த நாட்களில் பையைத் தடுக்கக்கூடியது நீங்கள் சொல்லும் பதில்தான். அதனால்தான் புதிய துணையுடனோ பலருடனோ உடலுறவு, ஊசியில் போதைப்பொருள், சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டது என்று கூச்சமான விஷயங்களையெல்லாம் கேட்கிறார்கள். கேட்பவருக்கு உங்கள் ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்லும் வேலை கிடையாது. நாள்கணக்கைப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

7. "நாட்" டெஸ்ட் பண்ணின ரத்தம்னா நூறு சதவீதம் சேஃப்னு சொல்றாங்களே?

நாட் பரிசோதனை கிருமியின் மரபணுவையே தேடுவதால் இடைவெளி நன்றாகக் குறைகிறது. ஹெச்.ஐ.விக்குச் சுமார் 10 நாள், ஹெபடைடிஸ் சிக்கு அதையும் விடக் குறைவு. மிக நல்ல விஷயம், எல்லா மையங்களுக்கும் வர வேண்டியது. செலவு அதிகம் என்பதால் இன்னும் எல்லா இடத்திலும் இல்லை.

ஆனால் இடைவெளி குறைந்திருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை. நாட் இருக்கிறது என்பதற்காக ஆறாம் கேள்வியில் சொன்ன விஷயங்களை மறைக்கலாம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முந்தாநாள் நடந்தது எந்த மெஷினிலும் இன்றைக்குத் தெரியாது.

8. போன தை மாசம் பழனியில அலகு குத்தினேன். என் தம்பி கையில டாட்டூ போட்டிருக்கான். ரெண்டு பேரும் கொடுக்கலாமா?

தோலைத் துளைக்கும் எதுவாக இருந்தாலும் 12 மாதம் பொறுக்க வேண்டும். பச்சை குத்துவது, காது மூக்கு குத்துவது, அக்குபஞ்சர் எல்லாம் இதில் அடக்கம். அலகு என்று படிவத்தில் தனியாக அச்சிட்டிருக்க மாட்டார்கள், அதனால் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நீங்களாகவே சொல்லுங்கள். ஒரே வேல் அடுத்தடுத்து எத்தனை பேருக்குக் குத்தப்பட்டது, நடுவில் கொதிக்க வைத்தார்களா என்பது நமக்குத் தெரியாது. பக்தியைப் பற்றிய கேள்வி இல்லை இது. பழைய பச்சை, ஒரு வருடம் தாண்டியது என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

9. சின்ன வயசுல மஞ்சள் காமாலை வந்து கீழாநெல்லி குடிச்சு சரியாப் போச்சு. அதையெல்லாம் சொல்லணுமா?

சொல்ல வேண்டும். காமாலை ஒரு அறிகுறிதான், எதனால் வந்தது என்பதுதான் முக்கியம். தண்ணீர், உணவு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது இ என்று உறுதியாகத் தெரிந்தால் குணமான பிறகு 12 மாதம் கழித்துக் கொடுக்கலாம். ஹெபடைடிஸ் பி அல்லது சி என்றால் எப்போதும் கூடாது. பிறந்த குழந்தையாக இருந்தபோது வந்தது, பித்தப்பைக் கல்லால் வந்தது என்றால் பிரச்சினை இல்லை.

என்ன வகை என்றே தெரியாத கல்லீரல் அழற்சி என்றால் நிரந்தரமாகவே வேண்டாம் என்கிறது வழிகாட்டுதல். கீழாநெல்லி குடித்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அப்போது ரத்தப் பரிசோதனை செய்திருக்க மாட்டார்கள். பழைய மருத்துவச் சீட்டு ஏதாவது வீட்டில் கிடந்தால் தேடி எடுத்து வாருங்கள், மருத்துவர் பார்த்து முடிவு சொல்வார்.

10. டெங்கு, டைபாய்டு, நாய்க்கடி ஊசி, பல் பிடுங்கினது... எதுக்கு எவ்வளவு நாள்?

டெங்கு, சிக்குன்குனியா முழுசாகக் குணமான பிறகு 6 மாதம். டைபாய்டுக்கு 12 மாதம். மலேரியாவுக்கு சிகிச்சை முடிந்து 3 மாதம். காசநோய் குணமானதாக உறுதி செய்யப்பட்டபின் 2 வருடம். நாய் கடித்து ஊசி போட்டிருந்தால் ஒரு வருடம். பல் பிடுங்கினால் 6 மாதம். சின்ன அறுவை சிகிச்சை 6 மாதம், பெரியது 12 மாதம், ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தாலும் 12 மாதம். உயிரற்ற கிருமியிலிருந்து தயாரித்த தடுப்பூசிகளுக்கு 14 நாள், உயிருள்ள கிருமி வகைக்கு 28 நாள்.

தேதி சரியாக நினைவில்லை என்றால் தோராயமாகச் சொல்லி, தோராயம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

11. சுகர், பிபிக்கு மாத்திரை போடுறேன். நான் அவ்வளவுதானா?

அப்படி இல்லை. சர்க்கரை மாத்திரையில் கட்டுக்குள் இருந்து, கடந்த 4 வாரத்தில் மருந்தோ அளவோ மாறவில்லை, சிறுநீரகம், நரம்பு, ரத்தக்குழாய் பாதிப்பு எதுவும் இல்லை என்றால் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் கொடுக்க முடியாது. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே மாதிரிதான்: 28 நாளாக மருந்து மாறாமல், அன்றைய அளவு இரண்டாம் பதிலில் சொன்ன வரம்புக்குள் இருக்க வேண்டும். முகாம் நாளில் மாத்திரையை நிறுத்திவிட்டு வருவது தவறு, அதைச் செய்யாதீர்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த ரத்தத்திலிருந்து தட்டணு (பிளேட்லெட்) பிரிப்பதாக இருந்தால் 3 நாள் இடைவெளி வேண்டும்.

12. பீரியட்ஸ்ல இருக்கேன், ரத்தம் கொடுக்கலாமா அக்கா? பால் கொடுக்கிற அம்மா கொடுக்கலாமா?

மாதவிடாய் நாட்கள் முடிந்ததும் வரலாம். குழந்தை பிறந்து 12 மாதம் வரையிலும், பால் கொடுக்கும் காலம் முழுவதும் வேண்டாம். கருச்சிதைவு ஆகியிருந்தால் 6 மாதம். தீட்டு என்ற எண்ணத்துக்கும் இந்த விதிக்கும் சம்பந்தமில்லை. ரத்தத்தில் குறை எதுவும் கிடையாது, தாயின் உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருக்கும் காலம் அது.

13. காலேஜ்ல ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வரிசையில நிக்கிறாங்க. எனக்கு ஒரு விஷயம் இருக்கு, அவங்க முன்னாடி சொல்ல முடியல. என்ன பண்றது?

ரொம்பப் பேருக்கு இருக்கும் சங்கடம் இது. மருத்துவரிடமோ ஆலோசனை சொல்லும் ஆற்றுநரிடமோ தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். காரணம் சொல்லாமலே "இன்னிக்கு நான் கொடுக்க விரும்பல" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வெளியே வந்து "ஹீமோகுளோபின் கம்மியாம்" என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்த ஒரு பொய்யை நான் தாராளமாக மன்னிப்பேன்.

வரிசையின் அழுத்தத்தில் கொடுத்தே விட்டீர்களா? அப்போதும் வழி இருக்கிறது. கிளம்பும் முன்போ, வீட்டுக்குப் போன பிறகோ ரத்த மையத்துக்குப் போன் செய்து உங்கள் பையின் எண்ணைச் சொல்லி, "இந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற வேண்டாம்" என்று சொல்லுங்கள். அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். சிவப்பணுக்களை ஐந்து ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம் என்றாலும், அவசரம் என்றால் ஓரிரு நாளிலேயே பை வெளியே போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.

14. டெஸ்ட் ரிசல்ட் எனக்குச் சொல்வாங்களா?

படிவத்தில் "முடிவில் மாறுபாடு இருந்தால் எனக்குத் தெரிவிக்கலாமா" என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு "ஆம்" போடுங்கள். நீங்கள் எடுக்கும் போன் எண்ணைக் கொடுங்கள். விடுதியில் இருக்கும் மாணவர்கள் விடுதி முகவரியை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள், அடுத்த வருடம் அங்கே யாரும் இருப்பதில்லை.

இதை இத்தனை அழுத்திச் சொல்லக் காரணம் 2018 டிசம்பரில் சாத்தூரில் நடந்தது. கர்ப்பிணி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி இருந்தது. அந்த ரத்தத்தைக் கொடுத்த இளைஞருக்கு 2016இல் ஒரு முகாமில் கொடுத்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது, ஆனால் செய்தி அவரை வந்து சேரவில்லை. அவர் மறுபடி கொடுத்தபோது பரிசோதனையும் அதைப் பிடிக்கத் தவறியது. வெளிநாட்டு வேலைக்காகச் செய்த பரிசோதனையில்தான் அவருக்கே தெரிந்தது. தெரிந்ததும் அவராகவே மருத்துவமனைக்குத் தகவல் சொன்னார், அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டிருந்தது. அந்த மாதமே அவர் இறந்துபோனார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019இல் உத்தரவிட்டது. அவருடைய குழந்தைக்குத் தொற்று இல்லை. ரத்தம் கொடுத்த இளைஞரைத் திட்டியவர்களை அப்போது நிறையப் பார்த்தேன். தவறு அவருடையது அல்ல. இரண்டு வருடத்துக்கு முன்பே ஒரு தகவல் போய்ச் சேர்ந்திருந்தால் இரண்டு குடும்பங்கள் தப்பித்திருக்கும்.

15. போன் பண்ணி "ரியாக்டிவ்"னு சொன்னாங்க. எனக்கு நோய் வந்துடுச்சா?

உடனே அப்படி முடிவு செய்ய வேண்டாம். ரத்த மையப் பரிசோதனைகள் ஒரு பை கூடத் தப்பிவிடக் கூடாது என்று மிக நுணுக்கமாக அமைக்கப்பட்டவை. அதனால் தொற்றே இல்லாதவருக்கும் சில சமயம் அப்படிக் காட்டும். பையை எப்படியும் அழித்துவிடுவார்கள். உங்களுக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறதா என்பதை வேறு பரிசோதனைகள் உறுதி செய்ய வேண்டும். ஹெச்.ஐ.வி என்றால் அரசு மருத்துவமனையில் இருக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பரிசோதனை இலவசம்.

உறுதியானாலும் உலகம் முடிந்துவிடாது. ஹெச்.ஐ.விக்குக் கூட்டு மருந்து அரசிடம் இலவசமாகக் கிடைக்கிறது, ஹெபடைடிஸ் சி இன்று மாத்திரையில் குணமாகிறது. உங்கள் சம்மதம் இல்லாமல் ஹெச்.ஐ.வி நிலையை வெளியே சொல்வதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. போன் வந்தால் போகாமல் மட்டும் இருக்காதீர்கள்.

16. அப்போ ஹெச்.ஐ.வி டெஸ்ட் பண்ணிக்கறதுக்காகவே ரத்தம் கொடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?

தயவுசெய்து வேண்டாம். சந்தேகம் இருப்பவர் கொடுக்கும் பைதான் ஆறாம் பதிலில் சொன்ன இடைவெளியில் இருக்க அதிக வாய்ப்புள்ள பை. நம்பிக்கை மையம் இதற்காகவே இருக்கிறது, யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அங்கே என்றால் இடைவெளிக் கணக்கைச் சொல்லி, மறுபடி எப்போது வர வேண்டும் என்பதையும் எடுத்துச் சொல்வார்கள்.

17. யார் யாரோ கொடுத்த ரத்தத்தைவிட எங்க அண்ணன் ரத்தமே ஏத்துங்கன்னு கேட்டா மறுக்கிறாங்க. சொந்தம்தானே பாதுகாப்பு?

மனசுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது, "மூன்று வாரம் முன்னாடி எங்கே போனீங்க" என்று கேட்டால் அண்ணன் உண்மையைச் சொல்வாரா? குடும்பமே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். சொந்த விருப்பத்தில் முகாமுக்கு வருபவருக்கு அந்த நெருக்கடி இல்லை, மறைக்க வேண்டிய காரணமும் குறைவு. தொடர்ந்து கொடுக்கும் தன்னார்வலர்களின் ரத்தம் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

மருத்துவக் காரணமும் ஒன்று உண்டு. நெருங்கிய ரத்த உறவுகளின் வெள்ளணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிடலாம். அவை அங்கேயே பெருகி நோயாளியின் உடம்பைத் தாக்கும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. வேறு வழியே இல்லாமல் உறவினர் ரத்தம் ஏற்ற வேண்டுமானால் கதிர்வீச்சு கொடுத்த பிறகு ஏற்றுவார்கள்.

18. நான் திருநங்கை. எனக்கு ஒரே துணை, டெஸ்டும் நெகட்டிவ். என்னைக் கேள்வியே கேட்காம வேண்டாம்னுட்டாங்க. இது நியாயமா?

இப்போதைய விதி திருநர்கள், ஆணுடன் உறவு கொள்ளும் ஆண்கள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரைக் கூட்டமாகவே விலக்குகிறது. மணிப்பூரைச் சேர்ந்த திருநங்கைச் செயற்பாட்டாளர் சாந்தா குராய் இதை எதிர்த்து 2021இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். இந்தக் குழுக்களில் ஹெச்.ஐ.வி விகிதம் பொது மக்களைவிட அதிகம் என்பது அரசு தரப்பு வாதம். பிரிட்டன் 2021இலும் அமெரிக்கா 2023இலும் இந்த முறையை மாற்றிக்கொண்டன. அங்கே இப்போது எல்லோரிடமும் சமீபத்திய நடத்தையைப் பற்றி ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்கிறேன். ஒருவர் என்ன செய்தார் என்பதுதான் ஆபத்தைத் தீர்மானிக்கிறது, அவர் யார் என்பது அல்ல. பலருடன் பழகும் திருமணமான ஆண் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ள, ஒரே துணையுடன் வாழும் நீங்கள் வாசலிலேயே திரும்ப வேண்டியிருப்பது நோயாளிக்கும் பாதுகாப்பு தரவில்லை. விதி மாற வேண்டும். மாறும்வரை முகாம் ஊழியருக்கு அதை மீற அதிகாரம் இல்லை, ஆனால் மரியாதையாகப் பேசும் கடமை அவருக்கு இருக்கிறது.

19. நான் போன கேம்ப்ல ஒரு கேள்வியும் கேட்கல. கையெழுத்து வாங்கினாங்க, படுக்க வெச்சாங்க, ஜூஸ் கொடுத்தாங்க. இப்படியும் நடக்குமா?

நடக்கிறது. தலைவர் பிறந்தநாள், ஆண்டுவிழா என்று "இத்தனை யூனிட் எடுத்தோம்" எனப் பத்திரிகைக்குச் சொல்லும் அவசரத்தில் நடக்கும் முகாம்களில் இதை அதிகம் பார்க்கலாம். எண்ணிக்கையில் ஐம்பது குறைந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் சண்டை போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. முகாமில் மருத்துவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் மூன்றும் பார்க்காமல் ஊசி குத்தக் கூடாது.

அடுத்த முறை அப்படி நடந்தால் படுக்கும் முன், "டாக்டர் எங்கே, என் படிவத்தை யார் படிச்சாங்க?" என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள், வேறு இடத்தில் கொடுக்கலாம். ரத்த மையங்களுக்கு உரிமம் கொடுப்பதும் சோதனை செய்வதும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. மையத்தின் பெயர், உரிம எண், முகாம் நடந்த தேதி, இடம் எல்லாவற்றையும் எழுதி அங்கே புகார் கொடுக்கலாம். மாநிலக் குருதிப் பரிமாற்றுக் குழுமத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். உரிம எண்ணைத் தனியாகத் தேட வேண்டியதில்லை, பையின் லேபிளிலேயே அச்சிட்டிருக்கும்.